பாலைநிலத்துச் சாட்சிகள்

சில மாதங்களுக்கு முன் எங்கள் பங்கின் இளைஞர் குழுவினர் ஒரு கோரிக்கையோடு வந்தனர். மாதம் ஒரு திரைப்படம் பார்ப்பதும், முடிந்தபின் அரை மணி நேரம் கலந்துரையாடுவதும் அவர்கள் வழக்கம். அம்முறை அவர்கள் தேர்ந்திருந்த படம் ஆஸ்திரேலிய இயக்குநர் ஜார்ஜ் மில்லர் 2015இல் அளித்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு'. பெற்றோர் சிலர் தயங்கினர். இரண்டு மணி நேரம் வண்டிகள் மோதுவதையும் மனிதர் மடிவதையும் பார்ப்பதால் நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று ஒரு தாய் கேட்டார். பலிபீடத்தைப் பகடி செய்யும் காட்சி அதில் உண்டாமே என்றார் இன்னொருவர். கருத்துரைக்குமாறு என்னை அழைத்தார்கள். "தொழில்நுட்பச் சிறப்புக்காகப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீடு திரும்பும் வழியிலேயே அந்த விடை என்னை உறுத்தத் தொடங்கிற்று. ஒரு படைப்பின் கைத்திறனைத் தனியே கழற்றி எடுத்து, இதை மட்டும் சுவையுங்கள், எஞ்சியதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல முடியுமா? அப்படிச் சொல்வது அந்தத் தாயின் கேள்விக்கு விடை ஆகாது. அவர் கேட்டது மரணத்தைக் காட்சிப்பொருளாக்கிக் களிப்பதைப் பற்றி. நானோ ஒளிப்பதிவைப் பற்றிப் பேசிவிட்டேன். மீண்டும் அப்படத்தைப் பார்த்தபோதுதான் இரண்டும் ஒரே கேள்வி என்பது விளங்கிற்று. எப்படிக் காட்டுவது, எப்படிக் காண்பது என்பதே அப்படத்தின் கைத்திறன். அதுவே அதன் கதையும்கூட.

கதை மிக எளியது. உலகம் அழிந்தபின் எஞ்சிய பாலைநிலம். அங்கே உயர்ந்து நிற்கும் ஒரு பாறைக்கோட்டை. நிலத்தடி நீரைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு அதன் உச்சியிலிருந்து ஆள்பவன் இம்மார்ட்டன் ஜோ என்னும் கொடுங்கோலன். தனக்கு வாரிசு பெற்றுத் தருவதற்கென்றே ஐந்து இளம்பெண்களைப் பெட்டகம் போன்ற அறையில் பூட்டி வைத்திருக்கிறான். அவனுடைய படையில் உயர்ந்த பொறுப்பில் இருக்கும் ஃபியூரியோசா, ஒரு கை இழந்தவள், அப்பெண்களைப் பெரிய எரிபொருள் வண்டிக்குள் மறைத்து, தான் பிறந்த 'பசுமை நிலம்' நோக்கிப் புறப்படுகிறாள். ஜோவின் படை துரத்துகிறது. அப்படையிடம் சிறைப்பட்டிருந்த மேக்ஸ் என்னும் நாடோடி, முதலில் தன் உயிருக்காகவும் பிறகு அவர்களுக்காகவும் அந்த ஓட்டத்தில் சேர்ந்துகொள்கிறான். பசுமை நிலம் நஞ்சேறிய சதுப்பாகிவிட்டது என்பது பாதி வழிக்குமேல் தெரியவருகிறது. வந்த வழியே திரும்பிக் கோட்டையையே கைப்பற்ற முடிவு செய்கிறார்கள். போவதும் மீள்வதுமாகிய ஒரே சாலை. ஊமைப்படக் காலத்தில் பஸ்டர் கீட்டன் 'தி ஜெனரல்' (1926) படத்தில் ஒரே இருப்புப்பாதையில் ஓடிப்போய் ஓடித் திரும்பியதை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. ஊமைப்படங்களிலிருந்தே தாம் கற்றதாக மில்லர் பலமுறை கூறியிருக்கிறார்.

இத்தகைய படங்களை ஆங்கிலத்தில் வழங்கும் பெயருக்குள் நம் விவிலியத்தின் கடைசி நூலின் கிரேக்கப் பெயர் இருக்கிறது. அச்சொல்லுக்கு அழிவு என்பது பொருளன்று. மூடியிருக்கும் திரையை விலக்குதல் என்பதே பொருள். நாம் அந்நூலைத் 'திருவெளிப்பாடு' என்று அழைப்பது எத்துணைப் பொருத்தம்! ஆனால் இவ்வகைப் படங்களுள் பெரும்பாலானவை அழிவைக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. எதையும் விலக்கிக் காட்டுவதில்லை. கட்டடங்கள் சரியும், கடல் பொங்கும், நாம் சோளப்பொரி கொறித்துக்கொண்டிருப்போம்.

மில்லர் ஒரு மருத்துவர். கிரேக்கக் குடியேறிகளின் மகனாக 1945இல் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பிறந்தவர். மருத்துவம் பயின்று, சிட்னி நகர மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியவர். சாலை விபத்தில் சிதைந்த உடல்களை அங்கே நாள்தோறும் கண்டவர். 1979இல் மிகக் குறைந்த செலவில் அவர் எடுத்த முதல் 'மேட் மேக்ஸ்' படத்தில் வேகத்தின் மீதான மோகமும், அந்த வேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிந்தவனின் அச்சமும் கலந்திருந்தன. 1981, 1985 ஆகிய ஆண்டுகளில் தொடர்ச்சிகள் வந்தன. அதன்பின் முப்பது ஆண்டு இடைவெளி. புதிய படத்துக்கான முயற்சி 2001லும் 2003லும் தடைப்பட்டது. பிறகு ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் பகுதியில் எல்லாம் ஆயத்தமான வேளையில் வழக்கத்துக்கு மாறான மழை பெய்து அந்தச் செந்நிலமெங்கும் காட்டுப்பூக்கள் மலர்ந்துவிட்டன. பாழ்நிலத்தைக் காட்ட வந்தவர்கள் பூத்த பாலையைக் கண்டு பின்வாங்கி, ஆப்பிரிக்காவின் நமீபியாவுக்குச் சென்றார்கள். எசாயா இறைவாக்கினர் அறிந்திருந்தால் புன்னகைத்திருப்பார்.

2012இல் நமீபியப் பாலையில் படப்பிடிப்பு நடந்தது. வழக்கமான முறையில் எழுதப்பட்ட திரைக்கதை இப்படத்துக்கு அடிப்படையன்று. ஏறக்குறைய 3,500 ஓவியச் சட்டகங்களாக முழுப்படமும் முன்பே வரையப்பட்டு அறைச் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்தது. உரையாடல் குறைவு, கதையின் பாரத்தைக் காட்சிகளே சுமக்கின்றன. ஜோ யார், அவனுடைய ஆட்சி எத்தகையது என்பதை எந்தப் பாத்திரமும் நமக்கு விளக்குவதில்லை. மேலே பசுமை, கீழே புழுதி. உச்சியிலிருந்து குழாய்கள் வழியே சில நொடி மட்டும் கொட்டும் நீர். கிண்ணங்களையும் பாத்திரங்களையும் ஏந்தி முட்டி மோதும் எலும்பும் தோலுமான மக்கள். நீருக்கு அடிமையாகிவிடாதீர்கள் என்று அவர்களுக்கே அறிவுரை கூறி மதகை அடைக்கும் அரசன். இவ்வளவும் சில நிமிடங்களுக்குள் கண்முன் நிகழ்ந்துவிடுகின்றன. இப்படம் 2015 மே மாத நடுவில் திரைக்கு வந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் கையெழுத்திட்டது அதே மாதம் 24ஆம் நாள். பாதுகாப்பான குடிநீர் ஒவ்வொரு மனிதனுக்கும் அடிப்படை உரிமை என்று அம்மடல் வற்புறுத்துகிறது. ஒன்றையொன்று அறியாத இரு படைப்புகள் ஒரே மாதத்தில் ஒரே குழாயைச் சுட்டிக்காட்டின.

இனி ஒளிப்பதிவுக்கு வருவோம். ஜான் சீல் 'தி இங்கிலிஷ் பேஷண்ட்' (1996) படத்துக்காக ஆஸ்கர் விருது பெற்றவர். எழுபதை எட்டும் வயதில், ஓய்விலிருந்தவரை மில்லர் மீண்டும் அழைத்தார். சீலிடமும் அவருடைய உதவியாளர்களிடமும் அவர் வைத்த வேண்டுகோள் மிகச் சிறியது. காட்சியில் எது முதன்மையோ அது எப்போதும் சட்டகத்தின் நடுவில் இருக்க வேண்டும்.

சிறியதென்று தோன்றும் இவ்விதியின் பயன் பெரிது. இப்படத்தில் ஏறத்தாழ 2,700 வெட்டுகள் உள்ளன. சராசரியாக மூன்று நொடிக்கும் குறைவான நேரத்தில் ஒரு காட்சித்துண்டு மறைந்து அடுத்தது தோன்றுகிறது. ஒவ்வொரு முறையும் திரையின் வேறொரு மூலையில் நாம் பொருளைத் தேட வேண்டியிருந்தால் அரை நொடி அதற்கே போய்விடும்; எஞ்சிய இரண்டு நொடியில் யார் யாரை அடித்தார் என்பதே தெரியாது. இன்றைய சண்டைப் படங்கள் பலவற்றில் நமக்கு நேர்வது அதுதான். குழப்பத்தையே வேகமென்று நம்மிடம் விற்றுவிடுகிறார்கள். இங்கோ கண் ஓரிடத்தில் அமைதியாக இருக்க, உலகம் அதைத் தேடி வருகிறது. ஃபியூரியோசாவின் முகம் இருந்த இடத்திலேயே அடுத்த கணம் துப்பாக்கி முனை. அது இருந்த இடத்திலேயே சக்கரத்தின் அச்சு. அலைமோதும் கூட்டத்தில் தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு நடக்கும் குழந்தையைப் போல நாம் வழிதவறாமல் செல்கிறோம்.

இந்த ஒழுங்கைப் படைத்ததில் படத்தொகுப்பாளர் மார்கரெட் சிக்ஸலுக்குச் சம பங்கு உண்டு. அவர் மில்லரின் மனைவி. அதற்குமுன் சண்டைப்படம் எதையும் தொகுத்தறியாதவர். அதனாலேயே அவரை மில்லர் தேர்ந்தார். பழகிய கை தொகுத்தால் பழகிய படமே வரும் என்பது அவர் எண்ணம். சிக்ஸலின் முன் வந்து குவிந்த பதிவுகள் 480 மணி நேரத்துக்குரியவை. உணவும் உறக்கமும் இன்றிப் பார்த்தாலே இருபது நாள் ஆகும். அதிலிருந்து இரண்டு மணி நேரத்தைச் செதுக்கினார். சில காட்சிகளின் ஓட்டத்தை விரைவாக்கினார்கள். கண்ணுக்குப் பிடிபடாதவற்றின் ஓட்டத்தைக் குறைத்தார்கள். படத்தின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி இயல்பான வேகத்தில் ஓடவில்லை என்று சீல் கூறியிருக்கிறார். உற்று நோக்கினால் ஊமைப்படங்களில் மனிதர்கள் நடப்பதுபோன்ற ஒரு துள்ளல் தெரியும்.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். பேரழிவுப் படம் என்றாலே சாம்பல் நிறம், மங்கல் ஒளி என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. மில்லர் அதை மீறினார். பகல் செம்மஞ்சளாய் எரிகிறது. இரவு ஆழ்ந்த நீலம். அந்த இரவுக் காட்சிகள் உச்சி வெயிலில், தேவைக்கு மிகுதியான ஒளியோடு பதிவு செய்யப்பட்டு, பின்னர் இருளாக்கப்பட்டவை. சதுப்புநிலத்தில் காகங்கள் சூழ, நீண்ட கோல்கால்களில் நான்கு கால் விலங்குகளைப்போல ஊர்ந்து செல்லும் உருவங்கள் அந்த நீலத்தில் சில நொடிகளே தோன்றுகின்றன. யார் அவர்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று படம் சொல்வதில்லை. அந்தச் சதுப்பே தாம் தேடிவந்த பசுமை நிலம் என்பதைப் பின்னர் அறியும்போது, கடந்துவந்த அக்காட்சி நம் நெஞ்சில் மீண்டும் எழுகிறது. 2016இல் இதே படத்தின் கறுப்பு வெள்ளை வடிவத்தையும் மில்லர் வெளியிட்டார். அதுவே சிறந்த வடிவம் என்பது அவர் கருத்து. எனக்கு உடன்பாடில்லை. கறுப்பு வெள்ளையில் முகங்கள் கூர்மை பெறுகின்றன என்பது மெய்யே. ஆனால் கோட்டை உச்சியின் பச்சை காணாமற்போய்விடுகிறது. பச்சை இல்லாவிட்டால் இவர்கள் எதற்காக ஓடுகிறார்கள்?

சண்டைகளின் பெரும்பகுதி மெய்யான மனிதர்கள், மெய்யான வண்டிகள் மீது நிகழ்த்தியவை. ஓடும் வண்டிகளில் நடப்பட்ட உயரமான கழிகளின் உச்சியில் ஊசலாடியபடியே மனிதர்கள் பாயும் காட்சியைக் கணினியால்தான் செய்ய முடியும் என்று முதலில் மில்லரே எண்ணியிருந்தார். சண்டைக்காட்சி அமைப்பாளர் கை நோரிஸ் அதை மெய்யாகவே செய்து காட்டினார். கணினி வேலையும் ஏராளம் உண்டு. ஏறக்குறைய 2,000 காட்சித்துண்டுகளில் அதன் கை இருக்கிறது. அது இல்லவே இல்லை என்று சிலர் எழுதுவது மிகை. ஆயினும் ஓர் உடலின் எடை கழியை வளைப்பதை நம் உடல் நம்புகிறது. 2016 ஆஸ்கர் விழாவில் படத்தொகுப்பு, கலை இயக்கம், உடை, ஒப்பனை, ஒலித்துறையின் இரண்டு விருதுகள் என ஆறு கிடைத்தன. எல்லாம் கைவினைக்கு உரியவை.

இவ்வளவும் உண்மை. அந்தத் தாயின் கேள்வியோ அப்படியே நிற்கிறது. இத்துணைத் தெளிவாக, இத்துணை அழகாகக் காட்டப்படுவது எது? மரணம்.

ஜோவின் படையில் 'போர்ப் பையன்கள்' எனப்படும் இளைஞர்கள் இருக்கிறார்கள். உடலெங்கும் வெள்ளை பூசியவர்கள், நோயுற்றவர்கள், நெடுநாள் வாழமாட்டோம் என்று அறிந்தவர்கள். தலைவனுக்காகச் சாகிறவன் மறுவுலக விருந்துக்குச் செல்வான் என்று கற்பிக்கப்பட்டவர்கள். பாய்ந்து சாகுமுன் வாயில் வெள்ளிச் சாயத்தைத் தெளித்துக்கொண்டு, தனக்குச் சாட்சியாகுமாறு தோழர்களைக் கூவி அழைக்கிறான் ஒருவன். அவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். அவன் குதிக்கிறான், வெடிக்கிறான். அந்த அழைப்பே படத்தின் நெஞ்சம் என்பேன்.

'சாட்சி' என்னும் வடசொல்லுக்குள்ளேயே கண் இருக்கிறது. கண்ணால் கண்டவன் என்பது பொருள். நம் திருச்சபை மரபில் இச்சொல்லின் எடை நமக்குத் தெரியும். விசுவாசத்துக்காக உயிர் ஈந்தவரை நாம் 'மறைசாட்சி' என்கிறோம். கிரேக்க மூலச்சொல்லும் சாட்சி என்றே பொருள்படும். ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். நம் மறைசாட்சி பிறர் தம்மைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதில்லை. தாம் கண்ட ஒருவருக்கு அவரே சாட்சி. போர்ப் பையனோ தன் சாவைப் பிறர் பார்க்க வேண்டும் என்று மன்றாடுகிறான். பார்ப்பவர் இல்லையேல் அவன் சாவுக்குப் பொருளில்லை. வாழ்நாள் முழுதும் எவராலும் ஒரு மனிதனாகப் பார்க்கப்படாத பிள்ளையின் ஏக்கம் அது. அந்த ஏக்கத்தைத்தான் ஜோ அறுவடை செய்கிறான். இளைஞரைத் தற்கொலைப் படையாக்கிய தலைவர்கள் எல்லா நாட்டிலும் செய்தது அதுவே.

பலிபீடப் பகடி என்று சொல்லப்பட்ட காட்சி இதோடு சேர்ந்தது. வண்டிகளின் திருப்புவளையங்கள் குவிக்கப்பட்ட ஒரு மேடை. அதன்முன் விரல்களைக் கோத்துக் கைகளை உயர்த்தும் பையன்கள். இயந்திரத்தை வழிபடும் மதம் அது. புண்பட வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மோசே மலையிலிருந்து இறங்கிவந்தபோது கண்டதும் இவ்வகை மேடையைத்தான்.

ஆனால் வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். துரத்தும் படைக்கு முன்னே ஒரு வண்டி வருகிறது. அதில் மலைபோல் அடுக்கிய ஒலிபெருக்கிகள். பின்புறம் பெரு முரசுகள். முன்னே கயிற்றில் தொங்கியபடி செந்நிற உடையில் ஒரு குருட்டுக் கலைஞன் தீ உமிழும் கிதாரை மீட்டுகிறான். முதன்முறை அதைக் கண்டபோது நான் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். மனிதரைக் கொல்லப் புறப்பட்ட படையின் முரசுக்கு என் கால் தாளமிட்டது. அப்போது நான் யார்? தோழனின் சாவைக் கண்டு ஆர்ப்பரித்த பையன்களுக்கும் எனக்கும் எத்தனை தூரம்?

மில்லர் இதை அறியாமலிருந்தார் என்று நான் நினைக்கவில்லை. நக்ஸ் என்னும் போர்ப் பையனின் கதையை அவர் நடத்திச் செல்லும் விதம் அதற்குச் சான்று. தலைவனின் கண்முன்னே வீரச்செயல் புரிய முயன்று தடுக்கி விழுந்து ஏளனத்துக்கு ஆளாகிறான் நக்ஸ். எல்லாம் இழந்து வண்டியின் பின்புறம் சுருண்டு கிடப்பவனை, தப்பியோடும் பெண்களுள் ஒருத்தியான கேப்பபிள் காண்கிறாள். அவனைக் காட்டிக்கொடுக்காமல் அருகே சாய்ந்து அவன் பேச்சைக் கேட்கிறாள். அவனை வெறுமனே, எந்தச் சாதனையும் இன்றி, முதன்முதலாக ஒருவர் பார்த்த கணம் அது. இறுதியில் மற்றவர்கள் தப்புவதற்காகக் கணவாயில் பெருவண்டியைக் கவிழ்த்து வழியை அடைத்து அவன் சாகிறான். அதற்குமுன் அதே சொற்களைச் சொல்கிறான். ஆனால் கூவவில்லை, முணுமுணுக்கிறான். கூட்டத்தை நோக்கியன்று, அந்த ஒருத்தியை நோக்கி. நிக்கலஸ் ஹோல்ட் என்னும் நடிகரின் முகம் வழக்கம்போலத் திரையின் நடுவில். நம் கண் தேட வேண்டியதில்லை. இரண்டு மணி நேரமாக வன்முறையைப் பின்தொடர நம்மைப் பழக்கிய அதே விதி, இப்போது ஒரு முகத்தை விட்டு நாம் விலக முடியாதபடி செய்துவிடுகிறது.

அடுத்த கணமே படம் தன்னை மறந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வண்டி கவிழ்கிறது, சிதைவுகள் நம்மை நோக்கிப் பறந்து வருகின்றன, கிதாரும் ஒரு திருப்புவளையமும் திரையைப் பிளந்துகொண்டு வருவதுபோல் முன்னே பாய்கின்றன. அந்த மதத்தின் புனிதப்பொருள் தூளாகி நம் முகத்தில் எறியப்படுகிறது என்று இதற்கு உயர்ந்த பொருள் கூறலாம். கூறுவோரும் உண்டு. முப்பரிமாணக் கண்ணாடி அணிந்த இரசிகருக்கான விருந்து என்பதே என் எண்ணம். அந்த முணுமுணுப்புக்குப்பின் சற்று மௌனம் வேண்டியிருந்தது.

வேறு குறைகளும் உண்டு. தீமையை உடற்குறையால் அடையாளம் காட்டும் பழைய வழக்கத்தை இப்படம் கைவிடவில்லை. ஜோவின் அவையில் கட்டிகளும் வீங்கிய பாதமும் வளராத உடலும் அருவருப்பூட்டும் வகையில் வரிசையாகக் காட்டப்படுகின்றன. நம் வீடுகளிலும் பங்குகளிலும் இத்தகைய உடல்களோடு வாழ்வோர் இக்காட்சியை எப்படி ஏற்பார்கள்? ஃபியூரியோசாவின் கையற்ற தோளை மட்டும் படம் இரக்கமோ விளக்கமோ இன்றி இயல்பாக வைத்திருப்பது இதற்கு ஓரளவு ஈடு. (2024இல் வெளிவந்த முற்கதைப் படமான 'ஃபியூரியோசா' அந்தக் கை போன கதையைச் சொல்லிவிட்டது. சொல்லாமலே இருந்திருக்கலாம்.) ஐந்து பெண்களும் முதன்முறை வெளியே தோன்றும்போது குழாய்நீரில் ஒருவரையொருவர் நனைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மனிதர் உடைமையல்லர் என்று முழங்கும் படம், அந்தச் சில நொடி அவர்களை ஜோவின் கண்ணால்தான் பார்க்கிறது. உடனே அவர்களுடைய இடுப்பிலிருந்து இரும்புப் பூட்டுகள் வெட்டி எறியப்படுவதை முன்னிட்டு மன்னிக்கலாம் என்பர் சிலர். நான் பாதி மன்னிக்கிறேன்.

நமீபியப் பாலைக்கு நேர்ந்ததும் நினைக்கத்தக்கது. அந்நிலத்தின் மேற்பரப்பில் கற்பாசி படர்ந்த பகுதிகள் உள்ளன. சக்கரத் தடம் பதிந்தால் பல பத்தாண்டுகள் அழியாத இடங்கள் உண்டு. படக்குழு அங்கே சேதம் விளைவித்ததாக 2013இல் குற்றச்சாட்டு எழுந்தது. நமீபியத் திரைப்பட ஆணையம் அதை மறுத்தது. உண்மை எப்பக்கமாயினும், மண்ணைக் கொன்றவர் யார் என்று கேட்கும் படம் அக்கேள்வியை மண்மீது வண்டிகளை ஓட்டித்தான் கேட்டது.

படத்தில் என்னை மிகவும் ஆட்கொண்டது குருதி. தொடக்கத்தில் மேக்ஸ் ஒரு 'குருதிப் பை'. எவருக்கும் ஏற்ற குருதி என்று அவன் முதுகில் பச்சை குத்தி, தலைகீழாகத் தொங்கவிட்டு, பின் வண்டியின் முன்புறம் கட்டி, குழாய்வழி அவன் இரத்தம் நக்ஸுக்கு ஏற்றப்படுகிறது. அவனுக்குப் பெயரில்லை, கேட்போரிடமும் சொல்ல மறுக்கிறான். இறுதியில் விலாவில் கத்திக்குத்துப் பட்டு ஃபியூரியோசா மூச்சடைத்துச் சாகும் நிலையில் கிடக்கிறாள். மேக்ஸ் அவள் மார்புக்குள் அடைபட்ட காற்றை வெளியேற்றுகிறான். பிறகு அதே குழாயைத் தன் நரம்பில் செருகி அவளுக்குக் குருதி தருகிறான். அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுகளைக் கழித்தவரின் கை இக்காட்சியில் தெரிகிறது. பறிக்கப்பட்ட அதே குருதி, அதே குழாய், இம்முறை கொடை. அப்போதுதான் தன் பெயரைச் சொல்கிறான். குத்துண்ட விலாவையும் சிந்திய குருதியையும் கண்டவுடன் கல்வாரிக்கு ஓட நம் மனம் துடிக்கும். அந்த ஓட்டத்தைச் சற்று நிறுத்திவைப்பது நல்லது என்று நினைக்கிறேன். ஒரு மனிதன் இன்னொரு மனிதருக்குக் குருதி தருவது, அதற்கு மேல் விளக்கம் இன்றியே புனிதமானது.

அவர்கள் திரும்பிப் போனதைப் பற்றி இளைஞர் ஒருவர் கேட்டார். எகிப்துக்குத் திரும்ப விரும்பியதுதானே இஸ்ரயேல் மக்களின் பாவம், இவர்கள் திரும்புவது எப்படி மீட்பாகும் என்று. நல்ல கேள்வி. பாலையில் சாக விரும்பி ஓடிய எலியாவை ஆண்டவர் வந்த வழியே திருப்பி அனுப்பியதை அவருக்கு நினைவூட்டினேன். இறைச்சிப் பானைக்காகத் திரும்புவது வேறு, முடிக்காமல் விட்ட பணிக்காகத் திரும்புவது வேறு.

ஆம், படம் திரையிடப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பியோருக்கு மட்டும் என்று பங்குத்தந்தை வரையறுத்தார். முதலில் தயங்கிய அந்தத் தாயும் வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தார். கலந்துரையாடலில் நான் நடுச்சட்டகம், வெட்டு, குருதி என்று நெடுநேரம் பேசினேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். பாலையில் வாழும் மூதாட்டியருள் ஒருத்தி, கையில் துப்பாக்கியும் தோளில் விதைப்பையுமாகத் திரிபவள். எதிர்ப்பட்டவரையெல்லாம் சுட்டுக் கொன்றதாகச் சொன்ன அதே வாயால், வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் விதை ஊன்றிப் பார்த்ததையும் சொல்கிறாள். திரும்பும் வழியில் இறந்தும் போகிறாள். "அந்தப் பை கடைசியில் யாரிடம் இருக்கிறது?" என்றார் அந்தத் தாய்.

எனக்குத் தெரியவில்லை. பின்னர் வீட்டில் அப்பகுதியை மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். ஐந்து பெண்களுள் டாக் என்பவள், ஜோவின் குழந்தையை வயிற்றில் சுமப்பவள், அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறாள். மூன்று முறை அப்படத்தைப் பார்த்திருந்தேன். பை என் கண்ணில் படவே இல்லை.